‘இதுல என்ன பிரயோஜனம்?’ என்று கேட்கிற வாயை முதலில் மூடுவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். படிக்கப் படிக்கச் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். இதில் முதல் குற்றவாளி நான்தான். அதனால் யாரும் தன்னை மட்டும் சொல்வதாக நினைத்து வருத்தப்பட வேண்டாம்.

போன ஆவணியில் எங்கள் வீட்டில் வளைகாப்பு. சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றிப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். என் தம்பி மகன், இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறவன், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தான். வீடியோ கேம் ஒன்று செய்யப் போகிறானாம். நம் ஊர்க் கண்மாய்தான் களம். விளையாடுகிறவர் நீர்பாய்ச்சி. மடையைத் திறந்து, இருக்கிற தண்ணீரை எல்லா வயலுக்கும் பங்கு வைக்க வேண்டும். கடைமடைக்காரன் ராத்திரி வந்து கதவைத் தட்டுவான். தண்ணீர் நாளுக்கு நாள் குறையும். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்று சொல்வது? அதுதான் விளையாட்டு.

அவன் சொல்லி முடிக்கக்கூட இல்லை. ஒரு பெரியவர், “தண்ணி தொறந்து விடுறதுக்கு ஒரு கேமா? அதுக்கு எங்க தோட்டத்துக்கு வா, சம்பளமே தாரேன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவர், “துப்பாக்கி வைப்பா, அப்பத்தான் விக்கும்” என்றார். ஒரு சித்தி, “சூப்பர்டா கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விட்டாள். கடைசியாக நான். முப்பத்தாறு வருடம் பிள்ளைகளோடு இருந்தவள். சொன்னேன்: “இதுல என்னடா பிரயோஜனம்? மொதல்ல அரியரை முடி.”

அவனும் சிரித்துக்கொண்டே நோட்டை மூடினான்.

மூன்று மாதம் கழித்து வாட்ஸாப்பில் ஒரு செய்தி வந்தது. “அத்தை, அரியர் முடிச்சிட்டேன். நீங்க சொன்னது சரிதான். அந்த கேம் ஃபைல் எல்லாத்தையும் அழிச்சிட்டேன்.”

பாஸ் ஆகிவிட்டானே என்று சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் நன்றி சொல்லியிருந்தான், பாருங்கள். ஒரு பிள்ளையின் யோசனையைக் கொன்றதற்கு எனக்கு நன்றி வந்திருந்தது.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

அன்று வெற்றிலைத் தட்டைச் சுற்றி நாம் பேசியதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘கருத்து’. பெரியவர்கள் கருத்துச் சொன்னோமாம், பிள்ளை கேட்டுக்கொள்ள வேண்டுமாம். நான் சொல்கிறேன், அதில் ஒன்றுகூடக் கருத்து இல்லை. சிரித்தவரும் சரி, துப்பாக்கி வைக்கச் சொன்னவரும் சரி, ‘சூப்பர்’ சொன்னவளும் சரி, நானும் சரி, யாரும் அந்த விளையாட்டை விளையாடவில்லை. இல்லாத சாம்பாருக்கு உப்புப் போதவில்லை என்று சொன்னோம். அவ்வளவுதான்.

நான் 1978-ல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். இரண்டு வருடப் பட்டயப் படிப்பு. அதில் ஒரு பகுதி, நாங்கள் ஒவ்வொருவராக வகுப்பெடுக்க வேண்டும், மற்றவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து உற்றுநோக்கல் பதிவேட்டில் எழுத வேண்டும். என் முறை வந்தபோது மூன்றாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழித்தல் நடத்தினேன். முடிந்ததும் பதிவேடுகளை வாங்கிப் பார்த்தேன். தோழிகள் எழுதியிருந்தார்கள்: ‘குரல் வளம் நன்று.’ ‘கரும்பலகைக் கையெழுத்து சுமார்.’ ‘இன்னும் தன்னம்பிக்கை தேவை.’ எங்கள் விரிவுரையாளர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘கடன் வாங்கும் இடத்தில் மூன்றாவது வரிசைப் பெண்குழந்தை விரல் மடக்குவதை நிறுத்திவிட்டது.’

அன்று அழுதேன். ஒரு பாராட்டுக்கூட இல்லையே என்று. ராத்திரி யோசித்தபோதுதான் புரிந்தது. மற்ற எல்லாரும் என்னைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவர் ஒருவர்தான் பாடம் எந்த இடத்தில் அறுந்தது என்று எழுதியிருந்தார். என் தன்னம்பிக்கையை மறுநாள் காலைக்குள் நான் எங்கே போய்க் கூட்டிக்கொண்டு வருவேன்? ஆனால் கடன் வாங்கும் இடத்தைச் சரிசெய்யலாமே! மறுநாள் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கட்டி எடுத்துப் போனேன். ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினேன். அந்தக் குழந்தை விரலை மடக்கியது.

அதுதான் கருத்து. எந்த இடத்தில், யாருக்கு, என்ன நடந்தது. மற்றதெல்லாம் வெறும் சத்தம். பட்டயம் வாங்கி, முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து, ஓய்வும் பெற்ற பிறகு, வளைகாப்பு வீட்டில் அதை மறந்துபோனேன்.

பெரிய பெரிய கேம் கம்பெனிகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பிறகு படித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் வால்வ் என்று ஒரு நிறுவனம். 1998-ல் ‘ஹாஃப் லைஃப்’ என்ற கேமை வெளியிட்டது. அதற்கு முந்தின வருடமே ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். விளையாடிப் பார்த்தார்கள். நன்றாக இல்லை. பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை வெளியாட்களை அழைத்து இரண்டு மணி நேரம் விளையாட விட்டார்கள். செய்தவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ‘இடது பக்கம் போங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அப்படி ஒரு தடவை உட்கார்ந்தால் திருத்த வேண்டியது நூறு விஷயமாவது அகப்படுமாம். நாங்கள் 1978-ல் பின்வரிசையில் செய்த அதே வேலை!

மாஸ்கோவில் 1984-ல் அலெக்ஸி பஜித்னோவ் ‘டெட்ரிஸ்’ செய்த கதையும் அதுதான். ஐந்து சதுரம் சேர்ந்த துண்டுகளை வைத்து விளையாடும் ஒரு பெட்டிப் புதிர் இருக்கிறது. அதில் மொத்தம் 12 துண்டுகள். முதலில் அவர் அதைத்தான் கம்ப்யூட்டரில் கொண்டுவர நினைத்தார். ரொம்பச் சிக்கலாகப் போனது. நான்கு சதுரமாகக் குறைத்தார். ஏழே துண்டுகள். அப்போதும் சில வினாடிகளில் திரை நிரம்பி ஆட்டம் முடிந்துபோனது. நிரம்பிய வரிசை மறைந்துபோகட்டும் என்று வைத்தார். அதன்பிறகுதான் அது டெட்ரிஸ். அவர் முதல் நாளே நம் வெற்றிலைத் தட்டுப் பக்கம் வந்து, ‘கட்டம் கட்டமா மேலேர்ந்து விழும், நாம அடுக்கணும்’ என்று சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? ‘போய் செங்கல் அடுக்கு, கூலியாவது வரும்’ என்றுதானே?

இன்னும் ஒன்று. இது நமக்கு ரொம்பப் பக்கம். ‘வெண்பா’ என்று ஒரு கேம் 2023-ல் கனடாவில் டொரண்டோவில் இருக்கும் விசை ஸ்டுடியோவிலிருந்து வந்தது. 1980-களில் கனடாவுக்குப் போய்க் குடியேறின ஒரு தமிழ்க் குடும்பம். அம்மாவின் பழைய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன செய்முறையைக் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். இட்லி, பிரியாணி என்று போகும். சமைக்கச் சமைக்க, தமிழ் பேசக் கூச்சப்படும் மகனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருக்கிற தூரம் தெரியும். 2024-ல் சிறந்த அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

இட்லி அவிப்பதற்கு ஒரு கேமா?

கேட்டிருப்போமா, இல்லையா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

இப்போது என் உறவுக்காரர்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

“ஜெயிச்சவங்க கதையை மட்டும் சொல்றியே, தோத்தவன் எத்தனை பேர்?” நியாயம். வெளிவரும் கேம்களில் பெரும்பாலானவை பெரிதாகக் காசு பார்ப்பதில்லை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ‘இது சோறு போடுமா’ என்பது ஒரு கேள்வி, ‘இது நல்ல விளையாட்டா’ என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியைத் தாராளமாகக் கேளுங்கள். உட்கார வைத்து, மரியாதையாக, ‘எத்தனை மாசம் இதுக்கு ஒதுக்கப் போற, அதுவரைக்கும் செலவுக்கு என்ன பண்ணுவ, படிப்பு என்ன ஆகும்’ என்று கேளுங்கள். ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற விவசாயக் கேமை எரிக் பரோன் என்பவர் ஓவியம், இசை, நிரல் எல்லாம் தனி ஆளாகச் செய்தார். நாலரை வருடம் ஆனது. அந்தக் காலத்தில் ஒரு தியேட்டரில் வந்தவர்களை இருக்கையில் உட்கார வைக்கும் வேலையும் பார்த்தார். 2016-ல் கேம் வெளிவந்தது, 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. எல்லாருக்கும் அப்படி விற்கும் என்று சொல்ல வரவில்லை. சோற்றுக் கேள்விக்குச் சோற்று வழியில் பதில் இருக்கிறது, அதற்காக யோசனையைக் கொல்ல வேண்டாம் என்கிறேன்.

“அடிச்சு வளர்த்தாத்தான் உறுதியா நிப்பான்.” இதை என்னிடம் சொல்லாதீர்கள். சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி போட்ட நோட்டுகளை ஆயிரக்கணக்கில் திருத்தியவள் நான். பெருக்கல் குறியைப் பார்த்துக் கணக்குக் கற்றுக்கொண்ட ஒரு பிள்ளையை எனக்குக் காட்டுங்கள். எந்தப் படியில் தவறியது என்று வட்டம் போட்டுக் காட்டிய பிறகுதான் கற்றுக்கொண்டார்கள்.

“அப்ப பாராட்டிக்கிட்டே இருக்கணுமா?” வேண்டவே வேண்டாம். ‘சூப்பர்டா கண்ணு’ இன்னும் மோசம். கேலி செய்தவர் மேல் கோபமாவது வரும், அந்தக் கோபத்தில் நாலு நாள் வேலை ஓடும். பார்க்காமல் பாராட்டினால், செய்யாததற்கே மார்க் வாங்கின திருப்தி வந்துவிடும். பிறகு எதற்குச் செய்ய வேண்டும்? இரண்டு பேருமே பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்க்கவில்லை.

இனி மாணவச் செல்வங்களுக்கு. உங்களில் கம்ப்யூட்டர் படித்தவர்கள் பலர். இப்படி ஒரு யோசனையை நோட்டில் எழுதி ஒளித்து வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

என் தம்பி மகன் மேல் இருந்த கோபம் இதுதான்: ஏன்டா வாயால் சொன்னாய்? யோசனையை வாயால் சொன்னால் கேட்கிறவர் தன் மனதில் வேறு ஒன்றைக் கற்பனை செய்து அதற்குத் தீர்ப்புச் சொல்வார். அது உன் விளையாட்டுக்கான தீர்ப்பே இல்லை. ஐந்து நிமிடம் விளையாடக்கூடிய ஒரு துண்டைச் செய். கம்ப்யூட்டர்கூட வேண்டாம், ஒரு சார்ட் அட்டை போதும். அதைப் பிள்ளைகள் முன்னால் வை. வைத்துவிட்டு வாயை மூடு.

மன்னிப்புக் கேட்கிற மாதிரி அவனை வீட்டுக்கு வரச் சொன்னேன். ஃபைல்தான் போயிற்று, நோட்டு இருந்தது. சார்ட்டில் கண்மாய் வரைந்தோம். மூன்று மடை, ஒன்பது வயல். தண்ணீருக்குப் பழைய புளியங்கொட்டையே வந்து சேர்ந்தது. தெருப் பிள்ளைகள் நாலு பேரைத் திண்ணையில் உட்கார வைத்தோம். அவனைப் பின்னால் உட்கார வைத்து, “வாயைத் தொறந்த, எந்திரிச்சுப் போகச் சொல்லிருவேன்” என்றேன். பரிதவித்துப் போனான். அவர்கள் விதியைத் தப்பாகப் புரிந்துகொண்ட ஒவ்வொரு தடவையும் கையைப் பிசைந்தான். ‘அப்படி இல்ல’ என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. நானும் அவனும் ஆளுக்கொரு நோட்டில் எழுதினோம்.

என்ன எழுதினோம் தெரியுமா? விதிகளை வாசித்துக் காட்டும்போதே ஒருத்தன் தெருக் கிரிக்கெட் பக்கம் திரும்பிவிட்டான். மழைச் சீட்டு என்று ஒரு கட்டு வைத்திருந்தான். இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதியது, அவனுக்கு உயிர். ஒரு பிள்ளைகூட அதைத் தொடவில்லை. ஆனால் நீர்பாய்ச்சியாக இருந்த ஐந்தாம் வகுப்புப் பெண், தோழியின் வயலுக்கு இரண்டு கொட்டை கூடுதலாகப் போட்டாள். ஏன் என்று மற்றவர்கள் கேட்க, “அவ வீட்டு ஆடு செத்துப்போச்சு, பாவம்” என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான், திண்ணை இரண்டு பட்டது. ‘எங்க வீட்டுல கல்யாணம்’, ‘எங்க தாத்தாவுக்கு ஆஸ்பத்திரி’ என்று ஆளாளுக்குக் கதை. கிரிக்கெட் பார்த்தவனும் திரும்பிவிட்டான்.

கணக்குப் போட்டுத் தண்ணீர் பிரிப்பதுதான் விளையாட்டு என்று அவன் நினைத்திருந்தான். முறையிடுவதும், யார் முறையீட்டை நம்புவது என்பதும்தான் விளையாட்டு என்று பிள்ளைகள் காட்டிவிட்டார்கள். வளைகாப்பில் இருந்த பதினைந்து பெரிய மனிதர்களில் ஒருவரால் இதைச் சொல்லியிருக்க முடியுமா?

இதிலிருந்து இன்னொன்றும் கற்றேன். பிள்ளைகள் குறை சொன்னால் அது உண்மை. தீர்வு சொன்னால் அதை அப்படியே எடுக்காதே. ஒரு பையன், “இன்னும் நிறையக் கொட்டை வேணும்” என்றான். கொட்டையைக் கூட்டினால் பஞ்சமே இல்லாமல் போய், விளையாட்டு செத்துவிடும். அவன் சொன்னதன் உள்ளர்த்தம், தன் முறை வர ரொம்ப நேரம் ஆகிறது என்பது. வயிற்றுவலி என்று வருகிற பிள்ளை வீட்டுக்கணக்குச் செய்யாமல் வந்திருப்பான் இல்லையா, அது மாதிரி. வலியை நம்பு, காரணத்தை நீ தேடு. ‘துப்பாக்கி வை’ என்ற மாமாவுக்கும் இதே பதில்தான். கதையில் ஆபத்து எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. அது அவர் சொல்லாமல் சொன்ன குறை.

தன்மேல் வரும் சந்தேகம் பற்றி ஒரு வார்த்தை. ‘எனக்குத் திறமை இருக்கிறதா’ என்று ராத்திரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் விடியும்வரை பதில் வராது. அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. எரிக் பரோனும் செய்த படங்களையே திரும்பத் திரும்ப வரைந்தவர்தான். தன் வேலையே பிடிக்காமல் போன நாட்களும் அவருக்கு இருந்தன. சந்தேகம் வந்தால் அதைச் சின்னதாக்கு. ‘மூன்றாவது நிமிடத்தில் ஏன் அலுக்கிறது’ என்று கேள். அதற்கு நாளைக் காலையில் பதில் தேடலாம். கடன் வாங்கும் இடத்தில் ஏன் விரல் நின்றது என்று தேடியது போல.

தம்பி மகன் இப்போது மழைச் சீட்டை எடுத்துவிட்டான். எடுக்கும்போது முகம் வாடிப்போயிருந்தது, பார்க்கப் பாவமாக இருந்தது. நான் ஆறுதல் சொல்லவில்லை. இரண்டாம் தடவை நன்றாக ஓடியது. மூன்றாம் தடவை முதலாவதைவிட மோசம். அடுத்த ஞாயிறு நான்காவது தடவை. இது ஒருநாள் போனில் வருமா, காசு வருமா, எனக்குத் தெரியாது. மூன்றாம் தடவை சொதப்பிய அன்று அவன் ஃபைலை அழிக்கவில்லை, நோட்டில் எழுதினான். எனக்கு அது போதும்.

கடைசியாக ஒரு பாவமன்னிப்பு. தொண்ணூறுகளில் என்னிடம் ஆறாம் வகுப்புப் படித்த ஒருவன், கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து நாற்பது பக்கத்துக்குச் சுரங்கப்பாதை விளையாட்டு ஒன்று வரைந்திருந்தான். பக்கம் புரட்டினால் அடுத்த அறை. தப்பான வாசலில் நுழைந்தால் பத்துப் பக்கம் பின்னால் போக வேண்டும். பக்கத்து பெஞ்சுப் பையன்கள் அதைத்தான் பென்சிலை வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ‘கணக்கு நோட்டுல என்ன கிறுக்கல்’ என்று பிடுங்கி அலமாரியில் வைத்தேன். திருப்பிக் கொடுக்கவே இல்லை. அவன் கேட்கவும் இல்லை. நான்கு பேர் வகுப்பை மறந்து விளையாடுகிறார்கள் என்பதைவிட ஒரு விளையாட்டுக்கு என்ன சான்றிதழ் வேண்டும்? எனக்கு அது ஒழுங்கீனமாகத் தெரிந்தது.

அவன் இந்தப் பக்கத்தில் இருக்கிறான். என் பிறந்தநாளுக்கு வருடா வருடம் வாழ்த்துச் சொல்கிறான். பெயர் சொல்ல மாட்டேன். தம்பி, அந்த நோட்டு இப்போது என்னிடம் இல்லை. மன்னித்துவிடு. உனக்கு ஞாபகம் இருந்தால் முதல் இரண்டு அறையை மட்டும் ஒரு தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு வா. நான் விளையாடுகிறேன். நீ பின்னால் உட்கார்ந்து பார்.

உறவுகளே, அடுத்த விசேஷத்தில் ஒரு பிள்ளை நோட்டோடு வந்தால் மூன்றே வார்த்தை சொல்லுங்கள்: “கொடு, விளையாடிப் பார்க்கிறேன்.” விளையாட நேரமில்லையா? அப்படியானால் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு சும்மா இருங்கள்.

திட்ட விரும்புபவர்கள் கீழே திட்டலாம். ‘சூப்பர் டீச்சர்’ என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எந்த இடத்தில் அலுத்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு டீச்சர்